கார்டில் எழுதுவதும் கவரில் எழுதுவதும்

எம் தந்தையார் காலத்தில், ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மவர் வீடுகளில் தபால்காரர் வரும் நேரம் ஒரு திருநேரம். அந்நாளைய பெரியவர்களிடம் ஒரு நுட்பம் இருந்தது. 'இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும், சின்னவனுக்குக் காய்ச்சல் தேவலை' என்பன போன்ற செய்திகள் கார்டில் போகும். வரப்புத் தகராறு, பெண்ணுக்கு வந்திருக்கும் வரன், அடகில் கிடக்கும் சங்கிலி ஆகியவை கவரில்தான் போகும். கவருக்குக் காசு கூடுதல் என்று முணுமுணுக்கும் சிக்கனக்காரரும் இவ்வகையில் பிசகமாட்டார். தபால்காரரிடம் ஐயம் கொண்டு அப்படிச் செய்தாரில்லை. கார்டு போகும் வழியெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லார் இருப்பர் என்பதை அவர் அறிந்திருந்தார், அவ்வளவே.

இன்று கார்டும் இல்லை, கவரும் இல்லை. உள்ளங்கையளவு செல்பேசி ஒன்று இருக்கிறது. அதில் எழுதுவது எல்லாம் கவரில் எழுதுவது போலவே தோன்றுகிறது. வீட்டுக்குள் அமர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு விரலால் தட்டுகிறோம். நம்மைச் சுற்றி யாரும் இல்லை. ஆயினும் தட்டியது பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பக் குழுவுக்குப் போயிற்றா, அறுநூறு பேர் கொண்ட ஊரார் குழுவுக்குப் போயிற்றா, முகநூல் என்னும் சந்தைச் சுவரில் ஒட்டப்பட்டதா என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? யாம் எண்ணிப் பார்த்தோமில்லை. அதன் பயனாக 2024ஆம் ஆண்டு மே திங்களில் நேர்ந்ததை, நாணத்தோடுதான் எனினும், இங்கே எழுதத் துணிந்தோம்.

அவ்வாண்டு கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டோம். கல்யாண் நிலையத்தில் நாகர்கோவில் வண்டி. படுக்கை உறுதியான மகிழ்ச்சியில், முதல் நாள் மாலை, பயணச்சீட்டைப் படமாக முகநூலில் இட்டு, 'இரண்டாண்டுக்குப் பின் ஊர் மண்ணை மிதிக்கப் போகிறோம்' என்று ஒரு வரியும் எழுதினோம். இருபத்து மூவர் வாழ்த்தினார்கள். சீட்டில் எம் நால்வர் பெயரும், வயதும், பெட்டி எண்ணும், படுக்கை எண்களும், பத்து இலக்கப் பி.என்.ஆர். எண்ணும் இருந்தன. முன்பதிவு அலுவலில் பத்தாண்டு அமர்ந்த ஒருவர் செய்யத்தக்க காரியமா இது என்று அன்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. செய்தோம்.

இரவெல்லாம் பிள்ளைகள் இருவரும் எங்கள் இரு செல்பேசிகளிலும் படம் பார்த்தனர். விடியும்போது இரண்டும் மின்சாரம் தீர்ந்து கிடந்தன. யாம் அதைப் பொருட்படுத்தவில்லை; வண்டியில் யார் அழைக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

திருநெல்வேலிச் சீமையில், எம் சிற்றூரில், தனியே இருக்கும் எம் தாயாருக்குக் காலை ஒன்பது மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. நல்ல தமிழ் பேசும் குரல். குண்டக்கல்லில் ஒரு மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொன்னது. "உங்க மகன் தண்ணி பிடிக்க இறங்கினப்போ விழுந்துட்டார், அம்மா. எஸ்-5 பெட்டி. மருமக மயக்கமா இருக்காங்க. எட்டு வயசுப் பையனும் அஞ்சு வயசுப் பொண்ணும் என் பக்கத்துலதான் அழுதுகிட்டு நிக்கிறாங்க" என்றது. பிள்ளைகள் இருவரின் பெயரையும் பிழையின்றிச் சொன்னது. உடனே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டுமாம். முன்பணம் 40,000 ரூபாயாம்.

தாயார் எங்கள் இரு எண்களுக்கும் அழைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் அணைந்திருந்தன. ஐயம் தீர்க்கவேண்டிய அழைப்பே ஐயத்தை ஒழித்துவிட்டது.

அடுத்த வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். தன் கணக்கில் இருந்த 6,500 ரூபாயை அப்படியே அனுப்பிவிட்டான். அவன் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். எஞ்சியதற்குத் தாயார் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓடினார்கள். அங்கே இருந்த எழுத்தர் முதியவர். நடுங்கும் கையைப் பார்த்துச் செய்தியைக் கேட்டவர், "ஆச்சி, கொஞ்சம் உக்காருங்க. மகன் குரலைக் கேட்காம நகையை நான் எடைபோட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கோபித்தும் அழுதும் பார்த்தார்கள், அவர் அசையவில்லை. அந்த மனிதரை யாம் பின்னர் நேரில் கண்டு வணங்கினோம். இதற்குள் எதிர் இருக்கைக்காரரின் மின்கல உதவியால் எம் செல்பேசி உயிர் பெற்றது. தவறிய அழைப்புகள் பதினொன்று. திரும்ப அழைத்தோம். தாயார் கேட்ட முதற்கேள்வி: "எய்யா, உயிரோட இருக்கியா?"

அந்தக் கேள்வியைக் கேட்கும்படி ஒரு தாயை வைத்தது யார்? மோசக்காரன் ஒருவன் என்பது பாதி விடைதான். அவன் கையில் இருந்த ஒவ்வொரு செய்தியும் யாம் கொடுத்தது. பெயரும் வயதும் பெட்டியும் சீட்டில் இருந்தன. வண்டி எண் தெரிந்தால், அது இந்நேரம் எந்நிலையத்தைக் கடக்கிறது என்பதை எவரும் செல்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். எனவேதான் குண்டக்கல் என்றான். தாயாரின் எண் அவனுக்கு எங்ஙனம் கிடைத்தது என்பதே பல நாள் எம்மை வாட்டியது. பிறகு விளங்கிற்று. 2023ஆம் ஆண்டு எம் மகளுக்குக் காதணி விழா நடந்தபோது அச்சிட்ட அழைப்பிதழை அதே முகநூலிலும், மூன்று குழுக்களிலும் படமாக இட்டிருந்தோம்.

நம் அழைப்பிதழைப் போன்றதோர் ஆவணம் உலகில் வேறு இல்லை. ஒரு குடும்பத்தின் முழுச் சரித்திரமும் அதில் அடங்கும். பாட்டனார் பெயர், பாட்டியார் பெயர், தாய்மாமன் பெயர், அவர் செய்யும் தொழில், ஊர், தெரு, கதவு எண், குழந்தையின் பெயர், விழா நாள், கீழே 'தொடர்புக்கு' என்று இரண்டு செல்பேசி எண்கள். மடித்து மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்த காலத்தில் இவை யாவும் இருக்கவேண்டியவைதாம். நூறு பேர் அறிவர். நூறு பேரும் நம்மவர். அதே தாளைப் படமெடுத்துச் சுவரில் ஒட்டும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. தாள் மாறவில்லை; படிப்போர் மாறிவிட்டனர். இப்பொழுது யாம் இரண்டு அழைப்பிதழ் வைத்துக்கொள்கிறோம். உறவினருக்கு முழுமையானது, குழுக்களில் இடுவதற்கு மணமக்கள் பெயரும் நாளும் மண்டபமும் மட்டும் உள்ளது. அச்சகத்தார் இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவும் இல்லை.

இங்கே எம் தொழிலைப் பற்றி ஒரு சொல். முன்னாளில் முன்பதிவுப் பெட்டிகளின் வாயிலில் பட்டியல் ஒட்டுவது உண்டு. பயணிகளின் பெயர், ஆணா பெண்ணா, வயது, படுக்கை எண் யாவும் அதில் இருக்கும். தம் பெயரைத் தேடும் சாக்கில் பிறர் பெயரையும் வயதையும் படித்துக்கொண்டு நிற்போரை யாம் நிரம்பக் கண்டிருக்கிறோம். 2018ஆம் ஆண்டு மார்ச்சு முதல் பெரிய நிலையங்களில் அவ்வழக்கம் கைவிடப்படலாயிற்று. காகிதத்தை மிச்சப்படுத்துவது முதல் நோக்கம். தனியாய்ப் பயணம் செய்யும் பெண்ணின் பெயரும் வயதும் பிளாட்பாரத்தாருக்குத் தெரியாமற்போனது அதனால் விளைந்த நன்மை. ரயில்வே ஒட்டாமல் விட்ட பட்டியலை இப்பொழுது பயணிகள் தாமே ஒட்டுகிறோம்.

இன்னொன்றும் எம் கண்ணில் படுவது. வண்டியில் நீர் இல்லை, பணம் திரும்பவில்லை என்று பொதுவிடத்தில் முறையிடுவோர், பி.என்.ஆர். எண்ணையும் செல்பேசி எண்ணையும் சேர்த்தே எழுதிவிடுகின்றனர். எழுதிய சிறிது நேரத்தில் 'ரயில்வேயிலிருந்து பேசுகிறோம்' என்று ஒருவன் அழைப்பான், ஒரு செயலியை இறக்கச் சொல்வான், அல்லது ஓ.டி.பி. கேட்பான். முறையீடு செய்ய 139 என்ற எண் இருக்கிறது. ரயில்மதத் என்ற தளம் இருக்கிறது. அங்கே எண்களைக் கொடுப்பது கவரில் எழுதுவது. பொதுச்சுவரில் கோபத்தை மட்டும் எழுதினால் போதும்; கோபத்துக்கு எண் வேண்டியதில்லை.

'இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?' என்று எம் இல்லாள் கேட்டார். சட்டம் உண்டு. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது அரசியற் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசுவாமி என்னும் முதியவர். பின்னர் 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. படிப்படியாக நடப்புக்கு வருமாறு அமைத்திருக்கிறார்கள். நிறுவனங்கள் நம் செய்திகளை எதற்காகப் பெறுகின்றன என்று சொல்லவேண்டும், தவறைத் திருத்தவும் அழிக்கவும் நாம் கோரலாம், பதினெட்டு வயது நிரம்பாதார் செய்தியைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றெல்லாம் நல்ல ஏற்பாடுகள் அதில் உள்ளன. ஆயின் அதன் மூன்றாம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் தாமே ஊரறிய வெளியிட்ட தம் செய்திக்கு அச்சட்டம் பொருந்தாது. எம் பயணச்சீட்டும் அழைப்பிதழும் அவ்விலக்கில் அல்லவா போய் விழுகின்றன! மோசம் செய்தவனை வேறு சட்டங்கள் தண்டிக்கலாம். யாம் ஒட்டிய சுவரொட்டியை இச்சட்டம் கிழித்துத் தராது.

ஆதார் அட்டையைப் பற்றி நம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. கேட்டவருக்கெல்லாம் நகல் கொடுப்பார் ஒரு கட்சி. பெட்டியில் பூட்டி வைப்பார் மறு கட்சி. 2022ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம், யாருக்கும் நகல் கொடுக்காதீர் என்று எச்சரித்தது. நாடெங்கும் கலக்கம். இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான முன்யோசனையோடு நடந்துகொண்டாற் போதும் என்று அறிவித்தது. அன்று பலர் நகைத்தனர். யாமோ அந்தப் பின்னைய வாசகமே சரி என்று கருதுகிறோம். புலம்பெயர்ந்தார்க்கு அட்டையின்றி வாடகை வீடு கிடைப்பதில்லை, சிலிண்டர் கிடைப்பதில்லை. கொடுக்கத்தான் வேண்டும். எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதார் நகலை ஆணையத்தின் தளத்திலிருந்தே பெறலாம். விடுதிக்கும் பிறவற்றுக்கும் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். முழு நகல் கொடுக்கும்போது இன்ன காரியத்துக்கு, இன்ன தேதியில் என்று குறுக்கே எழுதிக் கையொப்பமிடுவது பழைய குமாஸ்தா வழக்கம். கெட்ட வழக்கம் அன்று. கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அதே தளத்தில் உண்டு. நகலெடுக்கும் கடையின் கணிப்பொறியில் நம் அட்டைப் படம் தங்கிவிடுகிறதே, அதைக் கேட்டு அழிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வடபுலத்தில் வாழும் தமிழர்க்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துத்தான். விண்ணப்பத் தாளில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தையார் பெயரை நிரப்புகிறோம். சிலர் ஊர்ப்பெயரை நிரப்புகிறார்கள். எனவே நம் முழுப்பெயரைச் சொன்னாலே தந்தை பெயர் தெரிந்துவிடுகிறது. சிலருக்கு ஊரும் தெரிந்துவிடுகிறது. வங்கிகளும் மின்னஞ்சல் நிலையங்களும் மறந்த கடவுச்சொல்லை மீட்கக் கேட்ட பழைய கேள்விகள் என்ன? பிறந்த ஊர் எது, முதலில் படித்த பள்ளி எது, தாயாரின் பெயர் யாது. முகநூலில் விளையாட்டுப்போல வரும் கேள்விகளும் இவையே. 'உங்கள் முதற்பள்ளியை எழுதுங்கள், நண்பரைக் கண்டுபிடியுங்கள்' என்றால் நம்மவர் ஊர் ஏக்கத்தில் ஓடி ஓடி எழுதுகிறார்கள். அத்தகைய கேள்விக்கு விடையாக வங்கியில் உண்மையையே எழுதவேண்டும் என்று விதி இல்லை. பிறந்த ஊர் 'சுண்டைக்காய்' என்று எழுதிவைத்தாலும் வங்கிக்கு வருத்தம் இராது. எழுதியது நமக்கு நினைவிருந்தால் சரி.

இவ்வளவும் சொன்னதால், செல்பேசியைக் கிணற்றில் போடச் சொல்கிறோம் என்று யாரும் கொள்ளவேண்டா. பேத்தியின் நாட்டிய அரங்கேற்றத்தை ஊரில் இருந்தபடி பாட்டியார் காண்பது இதனால்தான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில், மே முதல் நாள் தொடங்கித் தொழிலாளர் சிறப்பு வண்டிகள் ஓடியபோது, எந்த நாள், எந்த நிலையம், யாரிடம் பெயர் கொடுப்பது என்பதெல்லாம் நம் குழுக்கள் வழியாகவே பரவின. அக்காலத்தில் பெயர், வயது, செல்பேசி எண், ஆதார் எண் யாவும் எழுதிய நீண்ட பட்டியல்கள் கைக்குக் கை சுற்றின. ஆபத்துக்குச் செய்தது, குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் அப்பட்டியல்கள் இன்னும் எத்தனை செல்பேசிகளில் உறங்குகின்றனவோ! வைத்திருக்கும் அன்பர்கள் இன்றிரவே தேடி அழிப்பாராக.

நம் சங்கத்துக்கும் இதில் ஒரு கடன் இருக்கிறது. உறுப்பினர் குடும்பக் கையேட்டைக் குழுவில் கோப்பாக இடவேண்டும் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அச்சிட்ட கையேட்டில் முகவரியும், பிள்ளைகளின் பெயரும், படிக்கும் பள்ளியும், சொந்த ஊரும் இருக்கின்றன. அச்சுப் பிரதி வீட்டு அலமாரியில் இருக்கும்; கோப்போ ஒரு தட்டில் ஊர் சுற்றும். குழுவிலிருந்து நீக்கினாலும், முன்னமே எடுத்து வைத்தார் கையிலிருந்து அதை மீட்க இயலாது. கையேடு அச்சிலேயே இருக்கட்டும். குழுவில் வேண்டுமானால் தலைவர், செயலாளர் எண்கள் மட்டும் போதும். பிள்ளைகள் பரிசு பெறும் படங்களை இடும்போதும் பெற்றோரைக் கேட்டு இடுவது நலம். எம் வேண்டுகோளைச் சிலர் மிகை என்பர். அவர்கள் எம் தாயாரோடு ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கலாம்.

செல்பேசியில் செய்துகொள்ள வேண்டியவை சிலவே. அரைமணி நேரத்து வேலை. வாட்ஸ்அப்பில் நம் முகப்படத்தையும் நிலைப்படங்களையும் தெரிந்தவர் மட்டும் காணும்படியும், தெரியாதவர் நம்மைக் குழுவில் சேர்க்காதபடியும் அமைக்கலாம். ஆறு இலக்க இரட்டைப் பூட்டையும் போட்டுக்கொள்க. நம் வாட்ஸ்அப் வேறெந்தக் கணிப்பொறியில் திறந்திருக்கிறது என்பதை 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்னுமிடத்தில் பார்க்கலாம்; அலுவலகக் கணிப்பொறியில் திறந்து மறந்தவர் பலர். நம் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் ஓடுகின்றன என்பதைச் சஞ்சார் சாத்தி என்னும் அரசுத் தளம் காட்டும். ஊருக்குப் போகும் படங்களை ஊரிலிருந்து திரும்பிய பின் இட்டால் அழகு குறையாது. வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நாமே பறை அறைந்தது போலவும் ஆகாது. முகநூற் படங்களில் பள்ளிச் சீருடை தெரியாமற் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் வங்கிகள் அதை நிறுத்திவைக்க இயலும். யாம் வண்டியிலிருந்தே அழைத்தோம். எனினும் அனுப்பி மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. 6,500 ரூபாயும் கை மாறிப் போய்விட்டது. ஊர் சேர்ந்த அன்றே பையனுக்குத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கமாட்டேன் என்று அவன் அழுதான்.

திரும்பக் கொடுக்க இயலாதது ஒன்று இருக்கிறது. தாயார் இப்பொழுது தெரியாத எண்ணிலிருந்து வரும் எந்த அழைப்பையும் எடுப்பதில்லை. தெரிந்த எண்ணாயினும் முதலில் பேசுவதில்லை. எதிர்க் குரலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. யாம் சிறுவனாக இருந்தபோது வீட்டில் ஒரு பசு இருந்தது. அவசரம் என்று யார் அழைத்தாலும், அப்பசுவின் பெயரைச் சொன்ன பிறகுதான் பேச்சு. சென்ற திங்கள் எம் செல்பேசி பழுதுற்று, நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து அழைத்தோம். நான்காம் முறைதான் எடுத்தார்கள். "மாட்டுப் பேரைச் சொல்லு" என்றார்கள். அலுவலகத்தில் ஐந்து பேர் சூழ்ந்திருக்க, வராந்தாவுக்குப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னோம். அப்பெயரை இங்கே எழுதமாட்டோம்.